விரதத்தில் ஏறிய எண்

இதை வலது கைப் பெருவிரலை மட்டும் வைத்துக்கொண்டு போனில் எழுதுகிறேன். இடது கை என்னுடையது இல்லை. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், அது டயாலிசிஸ் இயந்திரத்துக்குச் சொந்தம். இரண்டு ஊசி குத்தியிருக்கும். கையை ஆட்டினால் இயந்திரம் கத்தும், இயந்திரம் கத்தினால் நர்ஸ் கத்துவார். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இந்த மையம் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே பக்கத்து நாற்காலிக்காரனிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். "வீட்ல யாரும் குடுக்க மாட்டாங்களா?" கிட்னியைத்தான் கேட்கிறார்கள். என் மனைவி மல்லிகா கொடுக்க முன்வந்தாள். அது ஏன் நடக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் கதை. செம்பவாங்கில் ஒரு ஷிப்யார்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கிரேன் தூக்குகிற சுமைக்குச் சங்கிலியும் கம்பிக்கயிறும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்று பார்க்கிற சூப்பர்வைசர் வேலை. உடம்பு கட்டுமஸ்தாக இருக்கும். ஐம்பது வயதிலும் சட்டைக் கை புஜத்தில் இறுக்கிப் பிடித்தால்தான் எனக்குத் திருப்தி. முதுகுவலிக்கு வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி முழுங்கியவன். பிரஷர் இருக்கிறது என்று கம்பெனி டாக்டர் இரண்டு முறை சொன்னபோது, "உங்களப் பாத்தாத்தான் டாக்டர் ஏறுது" என்று ஜோக் அடித்துவிட்டு வந்தவன். இப்போது நினைத்தால் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

ஏழு வருடத்துக்கு முன்னால் கம்பெனியின் வருடாந்தரப் பரிசோதனையில் ரத்தத்தில் கிரியாட்டினின் 172 என்று வந்தது. பக்கத்திலேயே, அதை வைத்துக் கணக்குப் போட்டு, கிட்னி நாற்பது சொச்சம்தான் வேலை செய்கிறது என்று இன்னொரு எண். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மல்லிகாவும் நகைக்கடையில் லீவ் சொல்லிவிட்டு என்னோடு வந்தாள். அவளுக்கு சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடை கவுன்ட்டரில் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி என்றாலும் சினிமா என்றாலும் நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் டாக்டர் லிம் என்று ஒரு மெலிந்த மனிதர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

"உங்க பிளாக் குப்பையை நெனைச்சுக்கங்க" என்றார். "ஒவ்வொரு வீடும் தினமும் குப்பை போடுது. லாரி வந்து அள்ளிட்டுப் போகுது. லாரி ஒழுங்கா வருதான்னு நேரா பாக்க முடியல. ஆனா கீழ எவ்வளவு குப்பை தேங்கி நிக்குதுன்னு பாத்தா, லாரி எப்படி வேலை செய்யுதுன்னு குத்துமதிப்பா சொல்லலாம் இல்லையா? கிரியாட்டினின் உங்க தசை போடற குப்பை. கிட்னிதான் லாரி. ரத்தத்துல அது தேங்கியிருக்கற அளவு, உங்க வயசு, ஆணா பொண்ணா, இத வெச்சு ஒரு கணக்கு போடறோம். கிட்னி நிமிஷத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுதுன்னு ஒரு எண் வரும். நூறுக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. பதினஞ்சுக்குக் கீழ போனா மெஷினைப் பத்திப் பேச ஆரம்பிப்போம். ஆனா இது மதிப்பீடுதான். அளந்து பாத்தது இல்லை."

நான் உடனே அந்த ஓட்டையில் நுழைந்தேன். "அப்ப தசை அதிகமா இருந்தா குப்பையும் அதிகமா இருக்கும் இல்லையா டாக்டர்?" என்று என் கையை நீட்டிக் காட்டினேன்.

அவர் சிரித்தார். "இருக்கும். லாரி ஒழுங்கா வந்தாலும் குவியல் பெருசாத் தெரியும். உங்க விஷயத்துல அது கொஞ்சம் இருக்கலாம்."

"கறி சாப்பிட்டாலும் ஏறுமா டாக்டர்?" மல்லிகாதான் கேட்டாள். வீட்டில் சமைக்கிறவள், கேட்கத்தானே செய்வாள்.

"வேக வெச்ச கறி நிறைய சாப்பிட்டா ஏறும். கறி சாப்பிடாதவங்க, தசை குறைஞ்சவங்க, இவங்களுக்கெல்லாம் இந்த எண் கிட்னியை இருக்கறதவிட நல்லதாக் காட்டிரும்."

சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அதன் பெயர் சிஸ்டாட்டின் சி. உடம்பிலுள்ள எல்லா செல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவாக உண்டாக்குகிற ஒரு சின்னப் புரதம். அதையும் கிட்னிதான் வடிகட்டுகிறது. தசை பெருத்தாலும் சிறுத்தாலும், கறி தின்றாலும் தின்னாவிட்டாலும் அது அவ்வளவாக அசையாது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, சிகரெட், அதிகப் பருமன் இதெல்லாம் இருந்தால் அதுவும் கொஞ்சம் ஏமாற்றும் என்றார். எனக்கு இவற்றில் எதுவும் இல்லை.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் செய்த அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. தேக்கா சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஒண்ணுமில்ல லா, மசில் ஜாஸ்தி, அதான் ரிப்போர்ட் குழம்பிருச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மல்லிகா பக்கத்தில் நின்று காய் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

சிஸ்டாட்டின் கணக்கில் 38 என்று வந்தது. நாற்பது சொச்சம் என்று சொன்ன முதல் எண்ணே எனக்குத் தாராள மனசு காட்டியிருக்கிறது. என் புஜம் என்னைக் காப்பாற்றவில்லை. அன்று காத்திருக்கும் கூடத்தில், எண் அழைக்கிற திரைக்குக் கீழே உட்கார்ந்து நான் அழுதேன். ஷிப்யார்டில் யாரும் நம்பமாட்டார்கள். மல்லிகா தன் கைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட் முழுவதையும் எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, மருந்து வாங்க வரிசையில் போய் நின்றுகொண்டாள். நான் அழுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று நான் நினைப்பேன் என அவளுக்குத் தெரியும்.

அப்புறம் மாத்திரை, உப்புக் குறைப்பு, மூன்று மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. 29 ஆனது. 21 ஆனது. இறங்குகிற லிஃப்டில் நின்றுகொண்டு மாடி எண் மாறுவதைப் பார்க்கிற மாதிரிதான் அந்த வருடங்கள். 9 வந்தபோது உடம்பில் நீர் ஏறி, ஒரு காலை பல் தேய்க்கும்போதே மூச்சு வாங்கி ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

பதினோரு நாள் வார்டில் இருந்தேன். கையில் டயாலிசிஸுக்கு ரத்தநாளத்தை இன்னும் தயார் செய்திருக்கவில்லை. அதனால் கழுத்தில் குழாய் போட்டார்கள். குளிக்க முடியாது, ஒருபக்கமாகத்தான் படுக்க முடியும். ஆனால் என்னை வதைத்தது தாகம்தான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து எண்ணூறு மில்லிதான் குடிக்கலாம், குழம்பும் அதில் கணக்கு. மல்லிகா வீட்டில் எலுமிச்சைச் சாற்றில் நாலு சொட்டு விட்ட தண்ணீரை உறையவைத்து, நெல்லிக்காய் அளவுக்குச் சின்னச் சின்ன ஐஸ்கட்டியாக ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவாள். ஒன்றை வாயில் போட்டால் பத்து நிமிடம் ஓடும். தினமும் பன்னிரண்டு கட்டி, ஒன்று கூட அதிகம் தரமாட்டாள். கெஞ்சினால், "மூச்சு வாங்கினப்ப உங்க மூஞ்சிய நான் பாத்தேன், நீங்க பாக்கல" என்பாள். பில்லில் பெரும்பகுதியை அரசு மானியமும், சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த மெடிசேவ் பணமும் பார்த்துக்கொண்டன. மிச்சத்துக்கு அவள் எதையோ விற்றாள், எதை என்று இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த வாரமே, "என்னோடத எடுத்துக்கங்க" என்றாள். சோற்றைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள். என் தம்பிக்குச் சர்க்கரை இருப்பதால் அவனை டாக்டர்கள் முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அவள்தான். நான் பேச்சுக்கு இரண்டு முறை வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை சொல்லவில்லை. ஆசை இருந்தது. நன்றாக ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவேண்டும் என்கிற ஆசை எவ்வளவு பெரியது என்று குடிக்கிறவர்களுக்குத் தெரியாது.

இரண்டு பேருக்கும் ஒரே ரத்த வகை. தானம் கொடுக்கிறவர்களைக் கவனிக்கிற சிஸ்டர் விமலா எங்களை அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார். முதல் ரத்தப் பரிசோதனையில் மல்லிகாவின் எண் 79 என்று வந்தது. "கொஞ்சம் பார்டர்ல இருக்கு ஆன்ட்டி. ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பாப்போம். மனச விட்டுராதீங்க" என்றார் விமலா.

அது கார்த்திகை மாதம். மல்லிகா தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப்போகிறேன் என்றாள். நாற்பத்தெட்டு நாள் விரதம்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள மல்லிகாவின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கறி இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஆட்டின் எந்தப் பாகத்தையும் அவள் அவமதித்தது கிடையாது. கடைக்குப் பக்கத்தில் மத்தியானம் மட்டன் பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை சூப் தூலாங் என்கிற ஆட்டெலும்புக் குழம்பு. சிவப்புக் குழம்பில் கிடக்கிற எலும்புக்குள் ஸ்ட்ராவை விட்டு அவள் உறிஞ்சுகிற சத்தத்துக்கு நான் வேறு மேசைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டுவேன். அப்படிப்பட்டவள் ஒருவேளைச் சோறு, ரசம், கொஞ்சம் காய், தரையில் பாய் என்று உட்கார்ந்தாள். "முருகனுக்கே சந்தேகம் வரப்போகுது, இது நீதானான்னு" என்று கேலி பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. நாற்பத்தேழு கிலோ இருந்தவள் நாற்பத்துமூன்று ஆனாள். வளையல் முழங்கைவரை சரிந்து போய்த் திரும்பி வரும்.

விரதம் தொடங்கி முப்பத்தொன்பதாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பரிசோதனை. ரத்தம் எடுக்கும் முன்னால் விமலா ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார்.

"புது மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா ஆன்ட்டி?"

"இல்ல சிஸ்டர்."

"டயட் ஏதும் இருக்கீங்களா? கறி, மீன் நிறுத்தறது, அந்த மாதிரி?"

"எப்பவும் போலத்தான் சிஸ்டர், வீட்டுச் சாப்பாடு."

"கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கீங்களே."

"இவர வெச்சுக்கிட்டு மெலியாம எப்படி இருக்கறது?"

விமலா சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். மல்லிகாவை நான் சந்தேகப்படவில்லை. விரதத்தை நம்மவர்கள் யாராவது டயட் என்று நினைப்பார்களா? டயட் என்பது உடம்பு இளைக்க ஆஸ்பத்திரியில் கொடுக்கிற தாள். விரதம் சாமி காரியம், அதைப் போய்ப் படிவத்தில் யார் சொல்வார்கள்? இவளுக்குத் தோன்றியிருக்காது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் எனக்குத் தோன்றியது. டாக்டர் லிம்மின் குப்பைக் கணக்கு எனக்குத் தலைகீழ்ப் பாடம். கறி நின்று முப்பத்தெட்டு நாள் ஆகிறது, நாலு கிலோ உடம்பு கரைந்திருக்கிறது. இப்போது ரத்தம் எடுத்தால் குவியல் சின்னதாகத் தெரியும், லாரி பிரமாதம் என்று காகிதம் சொல்லும். இவ்வளவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரு நிமிடத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து, "விரதம் இருக்கா சிஸ்டர்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சுவரில் இருந்த கை கழுவும் போஸ்டரைப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை விமலா போன் பண்ணினார். 101. மல்லிகா போனைக் காதில் வைத்தபடியே பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். எழுபத்தொன்பது நூற்றொன்றாகிவிட்டது. "பாத்தீங்களா?" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. நானும் பார்த்தேன் என்றேன். கற்பூரம் ஏற்றினாள், நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இதற்கு மேல் ஸ்கேன், இதயம், மனநல ஆலோசனை என்று நிறைய இருக்கிறது, எங்காவது ஒரு இடத்தில் டாக்டர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், நான் எதற்கு நடுவில் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். சனி, ஞாயிறு போயிற்று. வாய் கசந்தே கிடந்தது. கிட்னி நோய்க்காரனுக்கு எப்போதும் கசக்கும், அது இல்லை இது.

திங்கட்கிழமை டயாலிசிஸ். என் எதிர் நாற்காலியில் ஒரு சீன அம்மா வருவார், எழுபது வயதிருக்கும். கணவர் போய்விட்டார், வீட்டில் வேறு யாரும் இல்லை. டயாலிசிஸ் முடிந்து ஊசியை உருவினால் அந்த இடத்தைப் பஞ்சு வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் பீச்சும். எனக்கு மல்லிகா வந்து பிடிப்பாள். அந்த அம்மா தனக்குத் தானே பிடித்துக்கொள்வார். அன்று அவர் அழுத்திப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். விரல் நழுவி, சட்டைக் கையெல்லாம் ரத்தம். நர்ஸ் ஓடிவந்து கட்டினார். அந்த அம்மா பதறவில்லை. மன்னிப்புக் கேட்டார், தரையை அழுக்குப் பண்ணிவிட்டதற்கு.

அந்த நாற்காலியில் எனக்கு மல்லிகா தெரிந்தாள். நான் போன பிறகு, ஒரு கிட்னியோடு, அதுவும் ஓய்ந்துபோய், கையில் வளையல் இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சை வைத்துத் தானே அழுத்திக்கொண்டு. எங்களுக்குத்தான் பிள்ளை கிடையாதே. என் கட்டுப் போட்டு முடித்ததும் மல்லிகாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு, கழிவறைக்குள் நின்றுகொண்டு விமலாவுக்குப் போன் பண்ணினேன்.

விரதம் எத்தனை நாளாக என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "நல்ல வேளை சொன்னீங்க அங்கிள். இத டாக்டர்கிட்ட சொல்லி சிஸ்டாட்டின் சி பாப்போம். ஆனா ஆன்ட்டிக்குத் தெரியாம நான் எதுவும் பண்ண முடியாது. அவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க, இன்னைக்கே."

வீட்டில் மல்லிகா எனக்குக் காய்கறியை இரண்டாவது முறை வேகவைத்துக்கொண்டிருந்தாள். பொட்டாசியம் போக ஒரு தண்ணீரைக் கொட்டிவிட்டு மறு தண்ணீரில் வேகவைக்கவேண்டும்.

"விமலாவுக்குப் போன் பண்ணினேன்" என்றேன். "நீ விரதம் இருக்கறத சொல்லிட்டேன். கறி சாப்பிடாததாலயும் நீ இளைச்சதாலயும்தான் அந்த நம்பர் ஏறிருக்கும் போல. இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம்."

அவள் அடுப்பை அணைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் எனக்குச் சோறு போட்டாள், அவள் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தாள். சிராங்கூன் ரோட்டிலிருந்து முருகன் கோவில்வரை கூட்டத்தோடு நடந்தாள். நான் கூடவே கொஞ்சம் நடந்து, முடியாமல் டாக்ஸி பிடித்து முன்னால் போய் நின்றேன். குடத்தோடு வந்தவள் என்னைப் பார்த்தாள், நிற்காமல் உள்ளே போனாள்.

சிஸ்டாட்டின் கணக்கு 74 என்றது. விரதம் முடிந்து, அவள் பழையபடி சாப்பிட ஆரம்பித்து ஆறு வாரம் கழித்துக் கிரியாட்டினினை மறுபடி பார்த்தார்கள். நூற்றொன்று போய் 78 ஆகியிருந்தது. இனி மதிப்பீடு வேண்டாம் என்று, கடைசியாக ஒரு மருந்தை ஊசியில் ஏற்றி, அது ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்று மணிக்கணக்கில் அளந்தே பார்த்தார்கள். 72.

தானம் கொடுப்பவர்களுக்கான டாக்டர் ஒரு பெண்மணி. என்னைப் பார்க்காமல் மல்லிகாவைப் பார்த்தே பேசினார். "இது உங்களுக்கு வியாதி இல்லை. ரெண்டு கிட்னியோட இந்த அளவு உங்களுக்குப் போதும். ஆனா ஒண்ணைக் குடுத்துட்டா, மிச்சத்தை வெச்சு இன்னும் முப்பது வருஷம் ஓட்டணும். அதுக்கு இது பத்தாது. நான் எடுக்க மாட்டேன்."

"எனக்குப் பாதி போதும் டாக்டர்" என்றாள் மல்லிகா. அவளுடைய கடை ஆங்கிலத்தில், தெளிவாக. "நான் எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதிக் குடுத்தாலும் கிட்னி வளராதும்மா" என்றார் அவர். மென்மையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு இரட்டை மாடி பஸ்ஸில் வந்தோம். மாடியில் முன் இருக்கை காலியாக இருந்தது. அவளுக்குப் பிடித்த இடம். இரண்டு நிறுத்தம் போனதும் என்னால் அடக்க முடியவில்லை. அவள் சாமியையும் கெடுத்து, அவள் ஆசையையும் கெடுத்துவிட்டு, நல்லவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனே என்று இருந்தது. சொல்லிவிட்டேன்.

"மல்லி, விமலா கேட்டப்பவே எனக்குத் தெரியும். உனக்குத் தோணல, எனக்குத் தோணுச்சு. ஆனா வாயைத் திறக்கல. கிட்னி கெடைக்கட்டும்னு ஆறு நாள் சும்மா இருந்தேன்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தோணலன்னு யார் சொன்னா?" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"உங்க மொத ரிப்போர்ட்டுக்கு டாக்டர் லிம் சொன்னப்ப நானும்தான பக்கத்துல இருந்தேன். கறி சாப்பிட்டா ஏறுமான்னு கேட்டதே நான்தான். எழுபத்தொன்பதுன்னு சொன்ன அன்னைக்கு பஸ்ஸுலயே முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப விரதம்? முருகனுக்கு இல்லையா?"

"முருகனுக்கும்தான்" என்றாள். "டாக்டர ஏமாத்தறதுக்கு அவரும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணட்டும்னு வேண்டிக்கிட்டேன்."

இருபத்தெட்டு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளை எனக்குத் தெரியவில்லை. நான் திருடன் மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்த அந்த அறையில், அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் பொய் சொல்லியிருக்கிறாள், தன் உடம்பைக் கொடுப்பதற்காக. அவள் கையைப் பிடித்தேன். உருவிக்கொண்டாள்.

"நீங்க ஆறு நாள் சும்மா இருந்ததுக்கு எனக்குக் கோவமே இல்ல" என்றாள். "அந்த ஆறு நாள்தான் நான் நிம்மதியாத் தூங்கினேன், இவரு பொழைச்சுக்குவாருன்னு. ஏழாவது நாள் பேசினீங்க பாருங்க. அதத்தான் என்னால மன்னிக்க முடியல."

எங்கள் நிறுத்தம் வந்தது. எனக்கு முன்னால் இறங்கி, என் கால் படியில் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு கீழே நின்றாள்.

மாதங்கள் ஓடிவிட்டன. காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அவளுக்கும் வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது மணி பதினொன்றே முக்கால். இன்னும் சற்று நேரத்தில் ஊசியை உருவுவார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மல்லிகா வந்து நிற்கிறாள். இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உள்ளே வந்து பஞ்சை வாங்கி, பத்து நிமிடமும் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பாள். தேவைக்கு மேலேயே அழுத்துகிறாள், வலிக்கிறது. நான் சொல்வதில்லை.